அங்கை ஆர் நிக்கினம்?

ஐரோப்பாவில் எனக்கு நன்றாகத் தெரிந்தவை சோபாக்கள். பாரிசில் படுத்தது பச்சைத் துணி போட்டது. நடுவில் ஒரு கம்பி கிளம்பி நிற்கும், அதற்கு இடம்விட்டு வளைந்து படுக்கவேண்டும். சூரிச்சில் இருந்தது தோல் சோபா. கடையில் சுற்றிக்கொடுத்த பொலித்தீனை யாரும் கழற்றவில்லை, புரண்டால் வீடு முழுவதும் கேட்கும். ரொட்டர்டாமில் சோபாவின் பாதியை வீட்டுப் பூனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்கு விட்டது. பல்கலைக்கழகக் காலத்தில் ஒரு பருவம் ஜெர்மனியில் படித்தேன், வாரக் கடைசியானால் ரயிலேறி வேறொரு நாட்டுக்குப் போய்விடுவேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே மரியாதையாகப் பார்க்கிறார்கள். லூவர் எப்படி இருந்தது என்கிறார்கள். பெரிது என்று சொல்லிவைப்பேன். பெரிதாகத்தான் இருக்கவேண்டும்.

இதற்கெல்லாம் பொறுப்பு பதினாலாம் மாடி அன்ரி.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ரொறன்ரோவில் பாதிப்பேர், "எங்களையும் அவதான் எயாப்போட்டிலை வந்து கூட்டிக்கொண்டு போனவ" என்று கிளம்பிவிடுவார்கள். நான் எழுத வந்தது என்னுடைய வெட்கக்கேடு. அதற்கு இத்தனை சாட்சி வேண்டாம்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஓர் உயரமான கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தோம். அன்ரி பதினாலில். அந்த லிப்டில் பதின்மூன்று என்ற பொத்தானே கிடையாது. ஆகவே அவர் இருந்தது உண்மையில் பதின்மூன்றாம் மாடிதான் என்று நான் ஒருமுறை கணக்குச் சொன்னேன். "வாற சனம் பதினாலை அமத்தினால் காணும்" என்றார். அவருக்கு எல்லாமே வருகிற சனத்தோடு சம்பந்தப்பட்டது.

விமானங்களுக்குச் சாப்பாடு பெட்டியில் அடைக்கும் ஓர் இடத்தில் அவருக்கு வேலை. தலைமயிருக்குப் போடும் வலைத்தொப்பியின் தடம் நெற்றியில் எப்போதும் சிவப்பாக ஓடியிருக்கும். வேலை முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போக, அவர் எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறி விமான நிலைய வருகைக் கூடத்துக்குப் போவார். கையில் ஒரு குளிர்கோட்டு. யாரோ ஒருவருடைய மச்சான், யாரோ ஒருவருடைய பெறாமகள், வேலையில் கூட நின்றவளின் முன்வீட்டுக்காரர் என்று வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். கோட்டைப் போட்டுவிட்டு, பஸ்ஸும் சப்வேயும் மாறி, பார்க்டேல் என்றால் பார்க்டேல், வோபர்ன் என்றால் வோபர்ன், கொண்டுபோய் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்கு வருவார்.

ஒருமுறை தவறான ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கயானாவிலிருந்து வந்த ஒரு மனிதர். பார்க்க எங்கள் ஆட்களைப் போலவே இருந்திருக்கிறார். அன்ரி கோட்டைப் போட்டுப் பொத்தானையும் பூட்டிவிட்டதால் அவருக்கு மறுக்க மனம் வரவில்லை. இது அரசாங்க ஏற்பாடு என்று நினைத்தாராம். சப்வேயில் பாதி வழி வந்தபின்தான் இருவருக்கும் விளங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அந்த மனிதர் கறுப்புக் கேக் ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. அன்ரி வந்த நாளில் கூட்டிப்போக வேண்டியவர் நாளை மாறி விளங்கிக்கொண்டு வரவில்லை என்றும், மாசி மாதக் குளிரில் நூல்சேலையோடு காலையிலிருந்து பொழுதுபடும் வரை அந்தக் கூடத்தில் நின்றார் என்றும் அம்மா சொன்னார். அன்ரியைக் கேட்டால், "அது பழைய கதை, விடு" என்பார். ஆனால் யார் எந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். "அங்கை ஆர் நிக்கினம்?" அங்கே உனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நயாகரா பார்க்கப் போகிறோம் என்று சொன்னவர்களிடமும் கேட்டிருக்கிறார்.

நான் அப்போது ஐரோப்பிய வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா உறவினர்களிடம் கொம்பியூட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் ஆண்டில் ஜெர்மனியின் தெற்கே ஒரு சிறிய பல்கலைக்கழக நகரத்தில் ஒரு பருவம் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. பொம்பிளைப் பிள்ளையைத் தனிய அனுப்பமுடியாது என்று அப்பா ஒரே வசனத்தில் முடித்தார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். இருந்ததாக அவர்கள் நம்பினார்கள். மூன்றாம் நாள் அன்ரி இறங்கி வந்தார்.

"எந்த ஊர் பிள்ளை?"

சொன்னேன்.

"அங்கை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி." அதற்காகத்தானே போகிறேன் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்தார். அதில் முகவரிகள். பாரிசில் மச்சாள், சூரிச்சில் ஒன்றாகப் படித்தவள், ரொட்டர்டாமில் பெரியம்மாவின் மகன், ஸ்ருட்கார்ட்டில் தான் கோட்டுப் போட்டுக் கூட்டிவந்த ஒருவரின் தமையன். ஒவ்வொன்றாக அப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு சொன்னார்:

"கிழமை நாளிலை பள்ளிக்கூடம் பொறுப்பு. சனி ஞாயிறுக்கு நான் பொறுப்பு. வேறை என்ன வேணும் உங்களுக்கு?"

அப்பாவுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்ததை யாரும் கேட்கவில்லை.

புறப்படும் முன் முதுகுப்பையில் கனடாக் கொடி ஒன்றைத் தைத்தேன். கனடாப் பிள்ளைகள் ஐரோப்பாவில் அப்படித்தான் திரிவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மற்றவர்கள் உள்ளங்கை அளவில் தைப்பார்கள். நான் தைத்தது தட்டு அளவு. குடியுரிமை கிடைத்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பைக்குள்ளே அன்ரி கொடுத்த மிளகாய்த்தூள், வடகம், முறுக்கு. எல்லைகளில் ரயில் நிற்கும்போது ரயில்பெட்டியில் ஏறும் பொலிஸ்காரர் நேரே என்னிடம்தான் வருவார். கொடியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கடவுச்சீட்டில் பிறந்த இடத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார், பிறகு பையைத் திறக்கச் சொல்வார். திறந்ததும் பெட்டியில் உள்ள எல்லோரும் தும்முவார்கள். நான் கனடாவின் பெருமையைப் பற்றி அரைகுறை ஜெர்மனில் பேசிக்கொண்டிருப்பேன்.

புதன்கிழமைகளில் விடுதி நடைபாதையில் இருந்த தொலைபேசி அடிக்கும். "வெள்ளி ஆறரைக்குப் பாரிசிலை இறங்குவாய். மச்சாள் நிப்பா. பச்சைச் சால்வை போட்டிருப்பா." அன்ரிக்கு ஐரோப்பாவின் ரயில் நேரமெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சொன்ன நேரத்துக்கு ரயில் போகும். பச்சைச் சால்வை நிற்கும். பாரிசில் நான் போன வார இறுதியில் மச்சாளின் சிநேகிதி மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. சனிக்கிழமை காலையிலிருந்து ஒரு மண்டபத்தில் தட்டுத் தூக்கினேன். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் வீடியோவில் பதினொரு இடத்தில் நான் வருகிறேன். ஈபிள் கோபுரத்தைப் போகிற வழியில் காரின் பின்கண்ணாடியால், இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவில் பார்த்தேன்.

சூரிச்சில் ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ரொட்டர்டாமில் மீன் வெட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் என் பையில் இருந்ததை எடுத்துக்கொண்டு அடுத்த நகரத்துக்கு வேறெதையாவது வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை விடுதியில் அன்னா என்ற பின்லாந்துப் பெண் வந்து என்ன பார்த்தாய் என்று கேட்பாள். நான் பார்க்காத ஓவியங்களைப் பற்றி அவளுக்கு விவரிப்பேன். பொய் சொல்வதில் எனக்கு அந்தப் பருவத்தில்தான் நல்ல பயிற்சி கிடைத்தது.

நாட்குறிப்பில் ஐந்தாவதாக ஒரு முகவரி இருந்தது. அதை அன்ரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. நான் புறப்பட்ட அன்று தனியாகக் கூப்பிட்டுத் தந்தார். வெரோனாவில் மாறிப் போகவேண்டிய இத்தாலியச் சிற்றூர் ஒன்று. அங்கே அவருடைய தம்பி. கடைசியாகப் பார்த்தபோது தம்பிக்குப் பதினேழு வயது. பொதி சின்னது: ஒரு ரின் பயத்தம் உருண்டை, கம்பளித் தொப்பி ஒன்று, கடிதம்.

"இதை ஒருத்தரிட்டையும் குடுத்துவிடாதை பிள்ளை. நீயே கொண்டுபோய்க் குடு. நல்லாயிருக்கிறன், நல்லாயிருக்கிறன் எண்டு அவன் எழுதுறான். நல்லாயிருக்கிறவன் அப்பிடி எழுதமாட்டான். ஒருக்காக் கண்ணாலை பாத்துப்போட்டு வந்து சொல்லு."

நான் போகவில்லை.

காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விடுதியில் ஒரு ஸ்பெயின்காரன் இருந்தான். அந்தச் சிற்றூருக்கென்று நான் புறப்பட்ட வெள்ளிக்கிழமைதான் அவனும் அன்னாவும் வெனிஸுக்குப் போனார்கள். ரயில் ஒன்றுதான், வெரோனாவில் நான் மட்டும் இறங்கவேண்டும். வழி முழுக்க அவன் என் எதிரில் உட்கார்ந்து, நீ எப்போதும் சொந்தக்காரர் வீட்டுக்கே போகிறாய், உன்னோடு ஒருநாளாவது ஊர் சுற்றவேண்டும் என்றான். வெரோனா வந்தது. பையைத் தோளில் போட்டேன். கதவு வரை போனேன். கதவு மூடியபோது நான் உள்ளே நின்றேன்.

வெனிஸில் இரண்டு நாளும் மழை. ஸ்பெயின்காரன் தன் ஊர்க் காதலிக்கு முகமூடி வாங்குவதற்காகப் பதினாறு கடை ஏறி இறங்கினான். எந்த நிறம் நல்லது என்று ஒவ்வொரு கடையிலும் என்னைத்தான் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை பசித்தது. ரயில் நிலையப் படியில் உட்கார்ந்து அன்ரியின் ரின்னைத் திறந்தேன். மூவரும் சாப்பிட்டோம். இது எந்த நாட்டுப் பலகாரம் என்று அன்னா கேட்டாள். கடைசி உருண்டையை ஸ்பெயின்காரன் எடுத்தான். பிறகு தொப்பியையும் கடிதத்தையும் ஓர் உறையில் போட்டு, முகவரி எழுதி, நிலையத்துத் தபால்பெட்டியில் போட்டேன். அது நேர்மையான காரியம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

ரொறன்ரோவில் விமானத்தால் இறங்கியபோது அம்மா அப்பாவுக்கு முன்னால் அன்ரி நின்றார். என் பெட்டியை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"அவனைக் கண்டனியோ?"

இல்லை என்பது மூன்றெழுத்துச் சொல். அந்த மூன்றும் வரவில்லை.

"ஓம் அன்ரி."

"மெலிஞ்சு போனானோ?"

"சீச்சீ. நல்லா இருக்கிறார்."

"உடம்பு வைச்சிட்டானோ?"

"ஓம் அன்ரி. கொஞ்சம் வண்டியும்."

வண்டி என்றால் எங்கள் பேச்சில் தொந்தி. அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கடை அப்பாவுக்கும் முப்பது வயசிலை வண்டி விழுந்திட்டுது. கண்ணாடி போடுறானோ? அப்பா போட்டவர்."

"ஓம், கண்ணாடியும்."

"முன்மயிர் கொட்டுண்டிட்டுதோ?"

"ஓம்."

நான் ஒன்றும் கற்பனை செய்யவில்லை. கேள்விகளை அவர் கேட்டார், ஓம் என்று நான் சொன்னேன். இருவருமாகச் சேர்ந்து அவருடைய தகப்பனாரைச் செய்து இத்தாலியில் வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு லிப்டில் சந்திக்கும்போதெல்லாம் ஒன்று கேட்பார். வீடு எப்படி? இரண்டு அறை, அன்ரி. யன்னல்? பெரிய யன்னல். சமைக்கிறானோ? மீன்குழம்பு வைத்துத் தந்தார். ஆறாம் மாடி வருவதற்குள் ஒரு பொய் தேவைப்பட்டது. சில நாட்கள் நான் படியால் இறங்கினேன்.

அதில் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் தம்பியின் பேச்சு வந்தால் அன்ரி பேச்சை மாற்றுவார். இப்போது தானாகவே எடுத்தார். "எங்கடை தம்பி அங்கை நல்லாயிருக்கிறான். உவள் போய்ப் பாத்திட்டு வந்தவள்" என்று கட்டடத்தில் எல்லோருக்கும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இரண்டரை வருடம் போனது. தம்பிக்கு அங்கே ஒருவழியாக வதிவிட அனுமதி கிடைத்தது. கனடாவுக்கு மூன்று மாதம் வந்துபோக விசாவும் கிடைத்தது. ஒரு தொலைபேசிக் கூண்டிலிருந்து இரண்டு நிமிடம் பேசி, வருகிற நாளையும் விமானத்தையும் சொல்லியிருக்கிறார். அன்ரி என்னைத் தேடி வந்தார்.

"உன்னையும் கேட்டனான். 'அந்தப் பிள்ளை வந்ததெல்லே' எண்டன். 'ஓம், ஓம்' எண்டவன். சனிக்கிழமை நீயும் வா."

அந்த ஓம், ஓம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. லைன் சரியில்லாமல் ஏதோ சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் ஏன் அன்ரி? உங்கடை தம்பி..."

"நான் பதினேழு வயசிலை கண்டது. நீதானே இப்பத்தைய ஆளைக் கண்டனி. காட்டித் தர வேணுமெல்லே?"

கடைக்குப் போய்ப் புதுக் கோட்டு வாங்கியிருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் யாரோ போட்டுக் கழித்ததுதான், தம்பிக்குப் புதிது. பெரிய அளவு. வண்டிக்குப் பொருந்தவேண்டும் அல்லவா.

தை மாதம். வருகைக் கூடம் நிறைந்திருந்தது. ஒரே நேரத்தில் மூன்று விமானங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அன்ரி என் கையைப் பிடிப்பார். "உவரோ?" நான் முகத்தைச் சுருக்கி, யோசித்து, "இல்லை" என்பேன். கண்ணாடி போட்ட தடித்த மனிதர் ஒருவர் வந்தார். அவரைச் சுற்றி ஏழு பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். இன்னொருவர் வந்தார். நான், "அவர்தான் போலை" என்றேன். அன்ரி ஓடினார். வந்தவர் பஞ்சாபிக்காரர்.

கதவுக்கு எதிரே ஒரு தூண். அதன் பக்கத்தில் மெல்லிய ஜாக்கெட்டோடு ஒடுங்கிய ஓர் ஆள், காலடியில் சின்னப் பையோடு நின்றார். கண்ணாடி கிடையாது. தலை நிறைய மயிர். கதவை அவர் மறைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் விலத்தி நில்லுங்கோ தம்பி" என்றார் அன்ரி.

அவர் அன்ரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு விலகி நின்றார்.

கூட்டம் குறைந்தது. கதவு திறப்பதும் குறைந்தது. சுத்தம் செய்பவர் வந்து ஒரு மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினார். அன்ரியின் கை என் கையைப் பிடிப்பதை விட்டிருந்தது. கடைசியில் அந்தப் பக்கம் எங்கள் இருவரையும் தூணடி மனிதரையும் தவிர ஒருவரும் இல்லை. அன்ரி அவரைத் திரும்பிப் பார்த்தார். முதலில் காலில் கிடந்த சப்பாத்தை, பிறகு கையை, பிறகு முகத்தை. கிட்டப் போனார்.

"நீங்கள்..."

"அக்கா" என்றார் அவர்.

அன்ரி அவருடைய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏன்ரா கூப்பிடேல்லை? இவ்வளவு நேரமும் ஏன் கூப்பிடேல்லை?"

"உங்கடை குரல்தான் எண்டு நினைச்சனான். நீங்கள் என்னைப் பாத்திட்டு விலத்தச் சொன்னீங்கள். அப்ப இது வேறை ஆரோ எண்டு..."

அன்ரி திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு தம்பிக்குக் கோட்டைப் போட்டுவிட்டார். கைநுனியில் விரல்கள் தெரியவில்லை. பஸ்ஸிலும் சப்வேயிலும் தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தார். அவர் ஒருமுறை எனக்கு, "குளிர்தான் என்ன?" என்றார். நான் ஓம் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான் போல.

நான்காம் நாள் மேலே போனேன். அன்ரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, நான் அங்கை போகேல்லை."

"தெரியும்."

"அவரை நான் காணவே இல்லை. பலகாரத்தை நாங்கள் திண்டிட்டம்."

"அதுவுமோ?" ரொட்டியைக் கல்லில் போட்டார். "அப்ப எங்கை போனனி?"

"வெனிஸுக்கு."

"வடிவான ஊரோ?"

"மழை, அன்ரி."

ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பிறகு சொன்னார்:

"ரெண்டரை வருசம் நான் நிம்மதியா நித்திரை கொண்டனான். அதுக்கு உன்னோடை கோவிக்கேலாது. முக்கால் மணித்தியாலம் அவன் அந்தத் தூணோடை நிண்டவன். எனக்கு முன்னாலை. நான் விலத்தச் சொன்னனான். அதுக்கு ஆரோடை கோவிக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. இப்ப நீ போ பிள்ளை."

அதற்குப் பிறகு அன்ரி என்னோடு பேசவில்லை. லிப்டில் சந்தித்தால் சிரிப்பார். கேள்வி கிடையாது. ஆறாம் மாடி வருவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

தம்பியை ஒருநாள் மத்தியானம் கட்டடத்தின் கீழே, உடுப்புத் தோய்க்கும் அறையில் கண்டேன். மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தடுத்தார்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் ஸ்ரேசனுக்கே வரேல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"நீங்கள் வருவீங்கள் எண்டு அக்கா முதலே எழுதினவ. சனிக்கிழமை முழுக்க நான் ஒளிச்சிருந்தனான். ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னாலை, சாமான் வைக்கிற அறையிலை நாங்கள் அஞ்சு பேர் படுக்கிறது. அதை ஒருத்தரும் பாத்திட்டு வந்து அக்காவுக்குச் சொல்லக்கூடாது. பிறகு கடிதம் தபாலிலை வருது, வெனிஸ் முத்திரையோடை. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ?"

"அதாலைதான் ரெலிபோனிலை ஓம் எண்டனீங்களோ?"

"ஆரோ என்னை நல்லாயிருக்கக் கண்டிருக்கினம் எண்டால் நான் ஏன் இல்லை எண்டு சொல்லுவான்?"

மெஷின் நின்றது. அவர் எழும்பவில்லை.

"இப்ப அக்கா கேக்கிறா, உண்மையா எப்பிடியடா இருந்தனி எண்டு. நீங்கள் போகேல்லை எண்டதுதான் அவவுக்குத் தெரியும். நான் இருந்த இடம் அவவுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதை வடிவாச் சொல்லுங்கோ. நான் எப்பிடி இருந்தனான்?"

நான் சொன்னேன். இரண்டு அறை. பெரிய யன்னல். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மீன்குழம்பு வந்ததும் கையை உயர்த்தினார்.

"அதை விடுங்கோ. எனக்குத் தேத்தண்ணியும் போடத் தெரியாதெண்டு அக்காவுக்குத் தெரியும்."

"அப்ப சாப்பாடு?"

"கீழ் வீட்டுக் கிழவி ஒருத்தி தாறவ எண்டு வைப்பம்."

அப்படி அரை மணித்தியாலம் இருந்து அவருக்கு ஒரு வீட்டைக் கட்டினோம். ஐரோப்பாவில் நான் பார்த்ததாகச் சொன்னவற்றில் ஒருவருக்காவது பயன்பட்டது அதுதான். அவர் ஒளிந்திருந்தார் என்பதால் என் குற்றம் குறைந்துவிட்டதாக ஒரு கணம் நினைத்தேன். பயத்தம் உருண்டையைத் தின்றபோது அது எனக்குத் தெரியாது என்பதும் உடனே ஞாபகம் வந்தது. தம்பி சொன்னதையெல்லாம் அன்ரி கேட்டாராம். "கிழவிக்கு என்ன பேர்?" என்று மட்டும் விசாரித்தாராம். நம்பினாரா என்று தம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூன்று மாதம் முடிந்து தம்பி திரும்பிப் போனார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கதவு தட்டப்பட்டது. அன்ரி, பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபடி.

"சப்பாத்தைப் போடு."

"எங்கை அன்ரி?"

"எயாப்போட்டுக்கு. ஒரு குடும்பம் வருது. அஞ்சு பேர், பத்துப் பெட்டி."

"நான் வந்து என்ன செய்ய, அன்ரி?"

"வண்டில் தள்ளு. ஆளை நான் பாத்துக்கொள்ளுவன்."

போனேன். அந்தக் குடும்பம் வந்தது. அன்ரி தூரத்திலேயே கண்டுகொண்டு கையைத் தூக்கினார். பத்துப் பெட்டிக்கு இரண்டு வண்டில் எடுத்தோம். ஒன்றின் சில்லு பழுது, தள்ளத் தள்ள இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போகும். அன்ரி இரண்டையும் தள்ளிப் பார்த்துவிட்டு அதை எனக்குத் தந்தார்.